புதுக்கோட்டைச் சைக்கிள் போன தூரம்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அங்கே போயிருந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு கடைக்காரரிடம் கணக்கைக் கேட்டு எழுதினார். அந்த ஒரு கடையில் மட்டும் ஒரே வருடத்தில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அப்படியும் போதவில்லை. அடுத்த லோடு வரும்வரை காத்திருக்க மனமில்லாத பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டு போனார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டு ஏறினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. ஸீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே போகிற அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ள முடிந்தது.

அந்தப் பாருக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை உண்டு. 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும்படியாக ஒரு வண்டியைச் செய்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் அங்கிருந்து வந்ததுதான். மூன்று வருடம் கழித்து டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்ததும் உடம்பு குலுங்காமல் ஓட்ட முடிந்தது. ஆண்கள் சைக்கிளின் ஃபிரேமில் மேல் பார் நேராகப் போகும். நீண்ட பாவாடை அணிந்த அந்த நாட்டுப் பெண்களுக்காக அந்தப் பாரைக் கீழே வளைத்து இன்னொரு வகை செய்தார்கள். ஆண் சைக்கிள், பெண் சைக்கிள் என்ற பிரிவு உடையை ஒட்டி ஆரம்பித்தது. சைக்கிள் போன இடங்களிலெல்லாம் வேறு காரணங்களும் அதோடு சேர்ந்துகொண்டன.

அமெரிக்காவில் பிரான்ஸிஸ் வில்லர்டு என்ற அம்மையார் இருந்தார். பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தை 1879 முதல் தன் மரணம்வரை நடத்தியவர், பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசியவர். அவர் சைக்கிள் கற்றுக்கொண்டபோது வயது 53. தோழிகளும் பயிற்றுநர்களும் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள, தினமும் சிறிது நேரமாகக் கற்றார். சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். 1895இல் இந்த அனுபவத்தையே ஒரு சிறு புத்தகமாக எழுதினார். பெரிய தலைவியாக அறியப்பட்ட ஒருவர், வண்டியிலிருந்து விழப்போவதையும் பிறர் கையைப் பிடித்து நிற்பதையும் வெட்கப்படாமல் எழுதியதில்தான் அந்தப் புத்தகத்தின் பலம் இருக்கிறது. தலைமை ஏற்ற பெண் முதலில் மாணவியாக நின்று காட்டினார். பின்னாளில் புதுக்கோட்டையில் நடந்ததும் இதுதான். ஒரே வித்தியாசம், அங்கே அப்படி நின்றவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

நம் ஊருக்குச் சைக்கிள் வெள்ளைக்காரர்களோடு வந்தது. பிறகு வக்கீல், வாத்தியார், தபால்காரர், பால்காரர் என்று கை மாறியது. 1949இல் முருகப்பா குழுமமும் ஆங்கிலேய நிறுவனமொன்றும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்க, சென்னை அம்பத்தூரிலிருந்தே ஹெர்குலிஸ் சைக்கிள் வர ஆரம்பித்தது. கிராமத்தில் ஒரு வீட்டில் சைக்கிள் இருந்தால் அது அந்த வீட்டு ஆம்பிளையின் சொத்து. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சைக்கிள் போடுவது ஒரு காலத்தில் பெரிய மரியாதை. பையன்கள் வாடகை சைக்கிள் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொள்வார்கள். முட்டி சிராய்த்து வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெண்ணுக்குச் சைக்கிளில் ஒரே ஓர் இடம்தான் உண்டு, பின்னால் கேரியரில், ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு.

சாதியும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஊர்த்தெரு வழியாகப் போகும் தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. ஆகவே ஒரு தலித் பெண் சைக்கிளில் ஏறி ஊருக்குள் வருகிறார் என்றால், ஒரே சமயத்தில் இரண்டு கோடுகளைத் தாண்டுகிறார். புதுக்கோட்டையின் கதையைப் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது என்பது என் எண்ணம்.

எல்லாத் தமிழூரும் இப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் சைக்கிளில் போவது எப்போதோ சாதாரணமாகிவிட்டது. போர்க்காலத்தில், 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, ஆணும் பெண்ணும் குடும்பம் முழுவதும் சைக்கிளிலேயே வாழ்ந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இயல்பாக இருந்த ஒன்று இந்தப் பக்கம் ஓர் இயக்கமாகத்தான் வர வேண்டியிருந்தது.

புதுக்கோட்டை வறண்ட பூமி. மழையையும் கண்மாயையும் நம்பிய விவசாயம், கல்குவாரி வேலை, சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகப் போக பஸ் குறையும். தமிழ்நாட்டின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரும், சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினருமான முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது இங்கேதான், 1886இல். ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்து படித்தவர் அவர். ஒருவர் மட்டும் தாண்டிப் போனால் வரலாற்றில் பெயர் நிற்கும். ஆனால் அந்த வழியே மற்றவர்களும் போய்விடுவதில்லை. முத்துலட்சுமி அம்மையார் கல்லூரியில் படித்து ஏறக்குறைய எண்பத்தைந்து வருடம் கழித்தும் இந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை.

1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகத்தில் நாடு முழுவதும் எழுத்தறிவு இயக்கங்கள் கிளம்பின. தமிழ்நாட்டில் அதற்கு அறிவொளி இயக்கம் என்று பெயர். அரசாங்கமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளும் சேர்ந்து நடத்தின. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

வகுப்பு நடத்தியவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கற்க வந்தவர்களில் பெரும் பகுதி பெண்கள். பகலெல்லாம் களை எடுத்து, கல் உடைத்து, தண்ணீர் எடுத்து, சோறாக்கிய பிறகுதான் அவர்களுக்குப் பொழுது கிடைக்கும். அதனால் வகுப்பு இருட்டிய பிறகு. கற்றுக்கொடுக்கும் பெண்ணும், பல வகுப்புகளைச் சுற்றிப் பார்க்க வேண்டிய ஒருங்கிணைப்பாளரும் எப்படிப் போய் எப்படித் திரும்புவது? கடைசி பஸ் போயிருக்கும். அண்ணனோ புருஷனோ கொண்டுவிட வேண்டும். அவர்களுக்கு மனம் இல்லாத நாளில் வகுப்பு நின்றுவிடும். சைக்கிள் இந்த நடைமுறைச் சிக்கலிலிருந்து வந்த யோசனை. உள்ளூர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பெண் தொண்டர்களுக்கு முதலில் சைக்கிள் பழக்குவோம் என்று கலெக்டர் ஆரம்பித்தார். அதோடு அவர் நிற்கவில்லை. பெண்கள் தாங்களாகப் போய்வர முடிவதையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகச் சேர்த்தார். எழுத, படிக்க, கணக்குப் போட, கூடவே சைக்கிள் ஓட்ட. நாடெங்கும் நடந்த எழுத்தறிவு இயக்கங்களில் புதுக்கோட்டை தனியாகப் பேசப்பட இதுவே காரணம்.

முதலில் தொண்டர்கள் கற்றார்கள். அவர்களைப் பார்த்துப் புதிதாக எழுத்துப் படித்த பெண்கள் கேட்டார்கள். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். ஓட்டத் தெரிந்தவர் அடுத்தவருக்குப் பழக்கினார், அந்த அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு. ஒரு பயிற்சியாளர் சான்றிதழோடு வந்து நூறு பேருக்குக் கற்றுக்கொடுத்த கதை இல்லை இது. நேற்று விழுந்தவள் இன்று இன்னொருத்தியின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிய கதை.

சைக்கிள் பழக்குவது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பழக்குகிறவர் ஒரு கையால் கேரியரையோ ஸீட்டையோ பிடிப்பார். சாய்கிறபோதெல்லாம் இன்னொரு கை ஹாண்டிலுக்குப் போகும். "சக்கரத்தைப் பார்க்காதே, எதிரே பாரு", "மிதி, மிதி, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கூட ஓட வேண்டும். மூச்சு வாங்கும். எந்த இடத்தில் கையை எடுப்பது என்பதுதான் இதில் கலை. சீக்கிரம் எடுத்தால் விழுவாள், அவளுக்குப் பயம் வந்துவிடும். எடுக்காமலே இருந்தால் கடைசிவரை கற்கமாட்டாள். கையை எடுத்த பிறகும் பிடித்திருப்பதாகவே சொல்லிக்கொண்டு சிறிது தூரம் ஓடுவது எல்லாரும் செய்கிற ஒன்று. அவள் திரும்பிப் பார்க்கும்போது நாம் இருபது அடி பின்னால் நிற்போம்.

இந்தக் கையை எடுக்கும் நேரம் ஒருவருக்குச் சரியாகத் தெரிய வேண்டுமானால், அவருக்குத் தன் பயம் இன்னும் மறந்திருக்கக் கூடாது. முப்பது வருடமாக ஓட்டுகிறவருக்கு அது மறந்திருக்கும். போன மாதம் கற்றவளுக்கு மறக்காது. சேலை செயினில் சிக்கினால் என்ன செய்வது, தெருமுனையில் நிற்கிற ஆம்பிளைகள் சிரித்தால் எப்படிக் கண்டுகொள்ளாமல் போவது, மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டு வருவது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஓர் ஆண் பயிற்றுநரால் முதலாவதைச் சொல்லித்தர முடியும். மற்ற இரண்டையும் அவர் எங்கே போய்ப் படிப்பார்? இன்றைக்குத் தலைமைப் பயிற்சி, வழிகாட்டல் என்று நிறுவனங்களில் நிறையப் பேசுகிறார்கள். ஓர் அடி முன்னால் நிற்கிறவரே நல்ல வழிகாட்டி என்பதைப் புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள் கண்மாய்க்கரையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் செய்து பார்த்துவிட்டார்கள்.

கீழக்குறிச்சியில் நடந்த ஒரு பயிற்சி முகாமைச் சாய்நாத் விவரித்திருக்கிறார். கற்க வந்த பெண்கள் எல்லோரும் இருப்பதில் நல்ல சேலையாக உடுத்தி வந்திருந்தார்களாம். விழுந்து புழுதியாகப் போகிற வேலைக்கு நல்ல சேலை எதற்கு? அவர்கள் அதை ஒரு விசேஷமாக எண்ணி வந்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். அறிவொளிப் பாடல்களில் சைக்கிள் பாட்டும் ஒன்று. கூட்டங்களிலும் முகாம்களிலும் அதைப் பாடிக்கொண்டுதான் கற்றார்கள்.

இயக்கத்தின் மத்திய ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர் என். கண்ணம்மாள், அறிவியல் பட்டதாரி. சைக்கிள் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சாய்நாத் குறிப்பிடுகிறார். சைக்கிளால் என்ன வந்தது என்று கேட்டபோது கண்ணம்மாள் முதலில் சொன்னது பெண்களுக்கு வந்த தன்னம்பிக்கையைத்தான். ஆண்களை எதிர்பார்த்து நிற்பது குறைந்தது என்றார். ஒரு பெண் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் போய்த் தண்ணீர் எடுத்துவருவதைப் பற்றிச் சொன்னார்.

1992 மார்ச் 8, உலக மகளிர் தினம். ஹாண்டிலில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். ஊர் அதுவரை பார்த்திராத காட்சி. பிறகு கண்காட்சிகளிலும் போட்டிகளிலும் ஓட்டிக் காட்டிய பெண்கள் 70,000 பேருக்கு மேல். மொத்தத்தில் மாவட்டத்தின் கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சைக்கிள் கற்றதாகச் சாய்நாத்தின் கணக்கு. பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுப் பார்த்தால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல். கூலி வேலைக்காரர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், நர்சுகள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சேவகிகள், கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களிலிருந்து வந்த இளம் முஸ்லிம் பெண்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். சொந்தமாகச் சைக்கிள் வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஓட்டி எங்கும் போக வேண்டிய வேலை இல்லாவிட்டாலும், ஓட்டுகிற சந்தோஷத்துக்காகவே சாயங்காலம் அரைமணி நேரம் வாடகைக்கு எடுத்தவர்களும் உண்டு.

கேலி இல்லாமல் இருக்குமா? இருந்தது. அசிங்கமாகவும் பேசினார்கள். ஆனால் சைக்கிள் ஓட்டுவதற்கு அறிவொளியின் பெயரில் ஒரு சமூக அங்கீகாரம் கிடைத்திருந்தது. ஒருத்தி தனியாகப் போனால் கேலி, முப்பது பேர் சேர்ந்து போனால் ஊர்வலம். கூட்டமாகக் கற்றதால் கிடைத்த பாதுகாப்பு அது.

வாழ்க்கையில் என்ன மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். காய்கறி, விளைபொருள் விற்கப் போகிற பெண் முன்பு பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்குப் போகவே அப்பனோ அண்ணனோ புருஷனோ மகனோ கொண்டுவிட வேண்டும். குறிப்பிட்ட ஊர்களுக்கு மட்டுமே போக முடியும். பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் திரும்ப வேண்டுமே என்று அவசரமாகக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். சைக்கிள் வந்ததும் அதிக ஊர்களுக்குப் போனார்கள், பேரம் பேச நேரம் கிடைத்தது, வீட்டு வேலையையும் வெளிவேலையையும் தாங்களே கோத்துக்கொண்டார்கள். சைக்கிளின் கேரியரில் தண்ணீர்க் குடமும் வந்தது, நெல் மூட்டையும் வந்தது. வீட்டு வேலையின் பாரத்தைச் சைக்கிள் குறைத்துவிடவில்லை, அந்தப் பாரம் பெண்ணின் மீதுதான் இருந்தது. ஆனால் எப்போது, எந்த வழியாக என்பதை அவளே முடிவு செய்தாள்.

அரசாங்கத்தின் கையும் இதில் பெரிது என்பதை மறைக்கக் கூடாது. சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளைக் கலெக்டர் நெருக்கினார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இதில் இன்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக யுனிசெஃப் 50 மொபெட்டுகளை ஒதுக்கியது. கல்குவாரிகளைக் காண்ட்ராக்டர்களிடமிருந்து எடுத்துப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடுகிற முயற்சியும் இதே மாவட்டத்தில்தான் நடந்தது. ஓர் அதிகாரி மனம் வைத்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டை ஓர் உதாரணம். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனதும் எவை நிற்கும், எவை சரியும் என்பதற்கும் அதுவே உதாரணம். குத்தகை என்பது காகிதத்தில் இருப்பது, அதை இன்னொரு காகிதம் ரத்து செய்யலாம். சைக்கிள் ஓட்டக் கற்றதை எந்த உத்தரவாலும் ரத்து செய்ய முடியாது.

இனி அந்தச் சைக்கிள் மாவட்டத்தை விட்டு வெளியே போன கதை.

சாய்நாத்தின் கட்டுரை 1996இல் அவருடைய புத்தகத்தில் வந்தது. அதன் இந்தி வடிவம் என்சிஇஆர்டியின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் சேர்ந்தது. வட இந்தியாவின் பிள்ளைகள் பல வருடங்கள் புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளைப் பற்றி இந்தியில் படித்துத் தேர்வு எழுதினார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்று கேட்டுப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

2001-02இல் தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அது மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. 2006இல் பீகாரில் நிதிஷ் குமார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அந்தத் திட்டத்தைப் பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் வீடும் தொழிலும் இழந்தவர்களுக்கு 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்த முயற்சியிலிருந்து வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு பிறந்தது. அது பின்னர் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கத்திய மண்சாலைக்கு ஏற்ற கனமான சைக்கிளைத் தயாரித்தது. ஜாம்பியாவில் நெடுந்தூரம் நடந்து பள்ளிக்குப் போகும் சிறுமிகளுக்கு அதைக் கொடுத்து நடத்திய ஆய்வில், பள்ளிக்கு வராமல் நின்றுபோகும் நாட்கள் சுமார் 28 சதவீதம் குறைந்தன. தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் அந்தச் சிறுமிகளிடம் கூடியிருந்தது.

இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஒரு சைக்கிளால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நிற்காமல் தொடர்ந்தால் அதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் புதுக்கோட்டையில் இருந்த ஒன்று இந்தத் திட்டங்களில் இல்லை. திட்டங்கள் சைக்கிளைக் கொடுத்தன, பின்னால் ஓடிவந்த பெண்ணைக் கொடுக்கவில்லை. பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, விருந்தினர் ஒருவர் சாவியைக் கொடுத்து, போட்டோ எடுத்தால் விழா முடிந்தது. 1991இல் கற்றவள் உடனே கற்றுக்கொடுப்பவளாக ஆனாள். அந்த ஒரு வேலையில்தான் அவள் பத்துப் பேரைக் கூட்டவும், நேரம் குறிக்கவும், பயந்தவளைத் தேற்றவும், எதிர்த்த வீட்டில் போய்ப் பேசவும் பழகினாள். தலைமை என்பது இந்த வேலைகள்தான். சைக்கிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற மாணவிக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை.

இது சைக்கிளோடு முடிகிற விஷயமாக இருந்தால் இத்தனை தூரம் எழுதியிருக்கமாட்டேன். 1996இல் தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு வந்தன. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு அது பாதியாக உயர்ந்தது. தலித் பெண்கள் தலைவர்களானார்கள். ஆனால் எத்தனையோ ஊர்களில் தலைவியின் நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருந்தார், தேசியக் கொடியை ஏற்றக்கூடத் தலித் தலைவிகளை விடாத செய்திகள் வந்தன. வென்றுவந்த பெண்களுக்குச் சட்டம், நிதி, கணக்கு பற்றி அரசு பயிற்சி கொடுக்கிறது. மறைமலைநகரில் அதற்கென்றே மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. பயிற்சிக் கையேடும் வேண்டும், வகுப்பும் வேண்டும். ஆனால் வகுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பி, முதல் கிராமசபையில் எதிரே நாலு பெரிய மனிதர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கும்போது, பின்னால் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பக்கத்து ஊரில் ஐந்து வருடம் அதே சிரிப்பைப் பார்த்துச் சமாளித்த முன்னாள் தலைவி ஒருவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும், நிலைமை வேறாக இருக்கும்.

இது நடக்க முடியாத ஆசை இல்லை. அந்த முறை வேறு பெயர்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆந்திரத்தின் சுய உதவிக் குழுக்களில் தாங்களே வறுமையிலிருந்து மேலே வந்த பெண்கள், தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் மூலம் பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களுக்குப் போனார்கள். மொழி சரியாகத் தெரியாத கிராமங்களில் வாரக்கணக்கில் தங்கி அங்குள்ள பெண்களைக் குழுவாகச் சேர்த்தார்கள். கேரளத்தின் குடும்பஸ்ரீ அமைப்பும் தன் உறுப்பினர்களை வழிகாட்டிகளாகப் பல மாநிலங்களுக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டிலும் சமூக வளப் பயிற்றுநர்கள் என்று கிராமத்துப் பெண்களே இருக்கிறார்கள். அறிவொளியில் இருந்தவர்கள் சேமிப்புக் குழுக்களாக மாறிய இடங்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மலர் அமைப்பு அப்படி வந்ததுதான். இவர்களுக்குக் கிடைக்கும் ஊதியம் சொற்பம், மரியாதை அதைவிடச் சொற்பம். கல்லூரிப் பட்டம் பெற்ற ஆலோசகருக்கு ஒரு நாள் கொடுப்பதை இவர்களுக்கு ஒரு மாதத்துக்கும் கொடுக்க யோசிக்கிறார்கள். இது சரியில்லை.

புதுக்கோட்டையில் இன்றைக்குப் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். சைக்கிள் பழக்குவதற்கு ஒரு காலத்தில் முகாம் போட்டார்கள் என்றால் கல்லூரி மாணவிகள் நம்பமாட்டார்கள். ஒரு மாற்றம் முழுமையாக நடந்துவிட்டால் அது எப்போதும் அப்படித்தான் இருந்தது போலத் தோன்றும். ஆனால் யாரால் நடந்தது என்பது காணாமல் போய்விடும். கலெக்டரின் பெயர் பதிவில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கட்டுரை எழுதியவரின் பெயர் இருக்கிறது. ஒரு லட்சம் பேரின் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை.

1991இல் இருபது வயதில் இருந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள், முப்பதில் இருந்தவர்கள் அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் பலர் இன்னும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். புதுக்கோட்டைக் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் படிக்கிற பிள்ளைகளே, ஒரு செல்போனை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பெரியம்மாவிடமும் அத்தையிடமும் போய் உட்காருங்கள். அறிவொளியில் யார் உங்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள், நீங்கள் யார் யாருக்குப் பழக்கினீர்கள் என்று கேட்டு, பெயர்களோடு எழுதிவையுங்கள். மாவட்ட நிர்வாகம் அந்தப் பெயர்களை அச்சிட்டு எல்லா நூலகங்களிலும் வைக்க வேண்டும். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வென்றுவரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது முதல் நாள் வகுப்புக்கு அந்தப் பெரியம்மாக்களையும் அத்தைகளையும் அழைக்க வேண்டும்.